வானில் தெரியும் பால்வீதி: வட்டின் உள்ளிருந்து ஒரு பார்வை

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நாம் பால்வீதிக்கு உள்ளேயே இருக்கிறோம் என்றால், அது நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் தெரியாமல் வானத்தில் ஒரு பட்டையாக மட்டும் தெரிவது ஏன் என்பது முதல் கேள்வி. புத்தகங்களில் வரும் அந்தச் சுருள் வடிவப் படத்தை யார், எங்கிருந்து எடுத்தார்கள் என்பது இரண்டாவது. புகைப்படங்களில் செம்மையும் நீலமுமாகத் தகதகக்கும் பால்வீதி, நேரில் பார்த்தால் வெளிறிய மேகத்தைப் போலத்தான் தெரிகிறதே, அது எதனால் என்பது மூன்றாவது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான்: நாம் நின்று பார்க்கும் இடம். மூன்றாவதற்கான விடை நம் கண்ணில் இருக்கிறது. ஆகவே இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். பால்வழி, பால்வீதி, பால்வெளி என மூன்று பெயர்களும் புழக்கத்தில் உள்ளன. ஆகாய கங்கை என்ற பழைய பெயரும் உண்டு. இதைப் போன்ற விண்மீன் மண்டலங்களைக் குறிக்கும் கேலக்ஸி என்ற சொல்லே பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். 'வெளி' என்பது எங்கும் பரந்த ஒன்றை நினைவூட்டுகிறது. வானத்தில் நாம் காண்பதோ ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு நீளும் தடம். எனவே எனக்குப் பால்வீதி என்ற பெயரே பொருத்தமாகப் படுகிறது. இந்தப் பதிலிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

பால்வீதி ஒரு தட்டையான வட்டு. அதன் விண்மீன்கள் நிறைந்த பகுதியின் குறுக்களவு சுமார் 1,00,000 ஒளியாண்டுகள். வட்டின் தடிப்போ சுமார் 1,000 ஒளியாண்டுகள்தான். ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர் என்பதால் இந்த எண்களை மனத்தில் நிறுத்துவது கடினம். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பாட்டுக் கேட்கப் பயன்படுத்திய பழைய குறுந்தகடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 120 மில்லிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். அதாவது நூற்றுக்கு ஒன்று. பால்வீதி வட்டின் விகிதமும் அதேதான். இந்த அளவில் சூரியன் தகட்டின் மையத்திலிருந்து சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளி, மையத்துக்கும் விளிம்புக்கும் ஏறக்குறைய நடுவில், தகட்டின் மேலும் கீழுமில்லாமல் அதன் தடிப்புக்குள்ளேயே புதைந்திருக்கிறது. உண்மையான அளவில் அந்தத் தொலைவு சுமார் 26,000 ஒளியாண்டுகள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் இந்தத் தகட்டில் ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்குத் தொலைவில் இருக்கும்.

இப்போது அந்தத் தகட்டுக்குள் இருந்துகொண்டு சுற்றிலும் பார்ப்பதாக எண்ணிப் பாருங்கள். தகட்டின் தளத்தோடு ஒட்டிய எந்தத் திசையில் பார்த்தாலும் பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காக நிற்கின்றன. தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத அவற்றின் ஒளி ஒன்றுசேர்ந்து பால் போன்ற ஒரு பூச்சாகத் தெரிகிறது. தளத்துக்குச் செங்குத்தாக மேலேயோ கீழேயோ பார்த்தால் சில நூறு ஒளியாண்டுகளிலேயே விண்மீன்கள் அடர்த்தி குறைந்துவிடுகின்றன. அதற்கப்பால் ஏறக்குறைய வெறுமைதான். ஆகையால்தான் அந்த ஒளிப்பூச்சு வானம் முழுவதும் பரவாமல் ஒரு பட்டையாக ஒடுங்கித் தெரிகிறது.

அப்படியானால் பட்டைக்கு வெளியே, வானத்தின் எல்லாப் பகுதிகளிலும் தனித்தனியாகத் தெரிகின்ற விண்மீன்கள் யாவை என்று கேட்கத் தோன்றும். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பட்டை மட்டுமே பால்வீதி, மற்ற விண்மீன்கள் வேறெங்கோ உள்ளவை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வெறுங்கண்ணால் தனித்துக் காணக்கூடிய ஒவ்வொரு விண்மீனும் பால்வீதியைச் சேர்ந்ததே. மிக இருண்ட வானத்தில் கண்ணுக்குத் தெரியக்கூடிய விண்மீன்கள் வானக் கோளம் முழுவதற்குமாகச் சேர்த்துச் சுமார் 9,000. அவற்றில் பெரும்பாலானவை ஓராயிரம் ஒளியாண்டுத் தொலைவுக்குள்ளேயே இருக்கின்றன. குறுந்தகட்டு அளவில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தொலைவு. அதாவது தகட்டின் தடிப்பும் அந்தத் தொலைவும் ஏறக்குறைய ஒன்று. தடிப்புக்குள் அடங்கிய சிறு பகுதியில் இருப்பவை என்பதால் அந்த அண்டை விண்மீன்கள் நம்மைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தொலைவில் உள்ளவை மட்டுமே தட்டைத்தன்மையைக் காட்டுகின்றன. கீழை மேலை என்று எந்தத் திசையில் அண்ணாந்து பார்த்தாலும் நாம் பால்வீதியின் ஊடாகத்தான் பார்க்கிறோம். பால்வீதியைத் தாண்டி வெறுங்கண்ணுக்கு எளிதில் எட்டுபவை மூன்றே: சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரொமீடா விண்மீன் மண்டலமும், தென்வானத்தில் துண்டு மேகங்களைப் போலத் தெரியும் பெரிய, சிறிய மெகல்லன் மேகங்களும்.

நாம் வட்டின் தளத்திலேயே இருக்கிறோம் என்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாத சான்று ஒன்றுண்டு. பால்வீதிப் பட்டை பூமிக்கு மேலே தெரியும் வானத்தோடு முடிந்துவிடுவதில்லை. அடிவானத்துக்குக் கீழே தொடர்ந்து சென்று, வானக் கோளத்தை முழுமையாகச் சுற்றி வருகிறது. அந்தச் சுற்று வானத்தை ஏறக்குறைய இரு சம பாதிகளாகப் பிரிக்கிறது. நாம் வட்டுக்கு வெகுவாக மேலே இருந்திருந்தால் பட்டை ஒரு பக்கமாகச் சரிந்து சிறிய வட்டமாகத் தெரிந்திருக்கும். சூரியன் தளத்தின் நடுக்கோட்டிலிருந்து நூறு ஒளியாண்டுகூட விலகாத இடத்தில் இருப்பதால்தான் பிரிவு இவ்வளவு சமமாக அமைந்திருக்கிறது.

பட்டை எங்கும் ஒரே பிரகாசத்தோடு இருப்பதில்லை என்பதை ஓரிரவு முழுவதும் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். நாம் மையத்தில் இல்லாமல் பாதித் தொலைவில் இருப்பதே அதற்குக் காரணம். மையம் தனுசு ராசியின் திசையில் உள்ளது. அங்கே பார்க்கும்போது வட்டின் அடர்ந்த உட்பகுதி முழுவதும் நம் பார்வைக்கு நேரே வருகிறது. பட்டை அகன்று, தடித்து, இரு பக்கமும் புடைத்துக் காணப்படுகிறது. அந்தப் புடைப்பு வெறும் தோற்றமல்ல. பால்வீதியின் நடுவில் பல்லாயிரம் ஒளியாண்டு நீளமுள்ள, வயதான விண்மீன்களால் ஆன ஒரு கட்டை போன்ற அமைப்பும் அதைச் சூழ்ந்த வீக்கமும் உண்மையாகவே இருக்கின்றன. நல்ல இருட்டில் அந்த வீக்கத்தின் வடிவத்தை நாம் வெறுங்கண்ணாலேயே பார்க்கிறோம். இதற்கு நேரெதிர்த் திசை ரிஷபமும் அவுரிகா விண்மீன் கூட்டமும் சந்திக்கும் இடம். அங்கே நாம் வட்டின் வெளிவிளிம்பை நோக்கிப் பார்க்கிறோம். விண்மீன்கள் குறைவு, பட்டையும் மங்கல். டிசம்பர், ஜனவரி மாதங்களின் முன்னிரவில் தலைக்கு மேலே செல்லும் பால்வீதி பலர் கண்ணிலும் படாமல் போவது அதனால்தான்.

இனி, பட்டைக்கு நடுவில் தெரியும் கறுப்பு. எனக்குப் பால்வீதியில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். அன்னம் எனப்படும் சிக்னஸ் விண்மீன் கூட்டத்திலிருந்து, திருவோணம் இருக்கும் கழுகுக் கூட்டத்தை ஒட்டி, தனுசு வரைக்கும் பட்டையை நெடுகப் பிளந்துகொண்டு ஒரு கரிய பிளவு செல்கிறது. தென்வானத்தில் சிலுவை போன்ற தென்சிலுவைக் கூட்டத்துக்கு அருகில் 'கரிமூட்டை' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படும் கறுப்புத் திட்டு ஒன்றும் இருக்கிறது. அதன் தொலைவு சுமார் 600 ஒளியாண்டுகள். பார்ப்பதற்கு இவை விண்மீன்களே இல்லாத ஓட்டைகளைப் போல இருக்கும். ஆனால் அங்கே விண்மீன்கள் இல்லாமல் இல்லை. அவற்றுக்கு முன்னால் குளிர்ந்த வாயுவும் தூசும் கலந்த மேகங்கள் திரைபோல் நிற்கின்றன. அந்தத் தூசுத் துகள்கள் பெரும்பாலும் புகைத் துகள் அளவே உள்ளவை. விண்மீன்களிடையே உள்ள பொருளின் நிறையில் தூசின் பங்கு ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். அவ்வளவு சொற்பமான தூசு, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு ஆழத்துக்குச் சேரும்போது பின்னாலுள்ள அத்தனை விண்மீன்களையும் மறைத்துவிடுகிறது. பால்வீதியின் மையத்திலிருந்து புறப்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்தடைகிறது. தூசு மட்டும் இல்லாதிருந்தால் தனுசு ராசிப் பக்கம் இரவில் நாம் காணும் காட்சியே வேறாக இருந்திருக்கும்.

இந்தத் தூசு நம் கண்ணை மட்டுமன்று, வானியலையே ஒன்றரை நூற்றாண்டு காலம் ஏமாற்றியது. வானில் தெரியும் வெண்பட்டை காற்றுமண்டலத்தின் மேல்பகுதியில் நிகழும் ஒன்று என்று அரிஸ்டாட்டில் கருதினார். கலிலியோ தம் தொலைநோக்கியைத் திருப்பி, அது எண்ணிலடங்கா மங்கலான விண்மீன்களின் தொகுதி என்று கண்டு 1610-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்தத் தொகுதியின் வடிவத்தை அளக்க முதன்முதலில் முறையாக முயன்றவர் வில்லியம் ஹெர்ஷல். வானத்தின் நூற்றுக்கணக்கான இடங்களில் தம் பெரிய தொலைநோக்கியைத் திருப்பி, ஒவ்வோர் இடத்திலும் தெரியும் விண்மீன்களை எண்ணினார். எங்கே அதிகம் தெரிகிறதோ அங்கே தொகுதி நெடுந்தொலைவு நீள்கிறது என்று எடுத்துக்கொண்டு, 1785-இல் பால்வீதியின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். அதில் சூரியன் ஏறக்குறைய நடுவில் இருந்தது. அவர் எண்ணியதில் பிழையில்லை. ஆனால் தூசு மறைப்பதை அறிய அவருக்கு வழி இருக்கவில்லை. பனிமூட்டத்தில் நிற்பவருக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தொலைவு வரைதான் தெரியும்; ஆகவே தாம் நிற்கும் இடமே நடுவிடம் என்று தோன்றும். ஹெர்ஷலுக்கு நேர்ந்ததும் அதுவே.

அந்த மூட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும் வழியை ஹார்லோ ஷேப்லி கண்டுபிடித்தார். ஒவ்வொன்றிலும் இலட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும் கோளக் கொத்துகள் என்ற பொருள்கள் உண்டு. அவை வட்டின் தளத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் மேலும் கீழும் பரவியிருப்பதால் தூசு அவற்றை அதிகம் மறைப்பதில்லை. ஷேப்லி அவற்றின் தொலைவுகளை அளந்தபோது, அவை சூரியனைச் சுற்றிச் சமமாகப் பரவாமல் தனுசு ராசியின் பக்கம் ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு குவிந்திருப்பதைக் கண்டார். 1918-இல் அவர் சொன்ன முடிவு எளிமையானது: கொத்துகளின் மையமே பால்வீதியின் மையம், நாம் அதில் இல்லை. இருப்பினும் பால்வீதியின் அகலத்தை அவர் 3,00,000 ஒளியாண்டு என்று மிகைப்படுத்திக் கணக்கிட்டார். அவரும் தூசின் விளைவைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். 1930-இல்தான் ராபர்ட் டிரம்ப்ளர், தொலைவிலுள்ள விண்மீன் கொத்துகள் அவற்றின் தோற்ற அளவை வைத்து எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக மங்கியிருப்பதைக் காட்டி, இடைவெளி முழுவதும் ஒளியை விழுங்கும் தூசு பரவியிருப்பதை ஐயமின்றி நிறுவினார். இதற்கிடையே எட்வின் ஹபிள், 1923-இல் ஆண்ட்ரொமீடாவில் ஒளி கூடிக் குறையும் செஃபீட் வகை விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து, அதைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, ஆண்ட்ரொமீடா பால்வீதிக்கு வெளியே உள்ள தனியொரு மண்டலம் என்று காட்டியிருந்தார். பால்வீதியே பிரபஞ்சம் என்ற எண்ணம் அத்தோடு முடிவுக்கு வந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பால்வீதியை மேலிருந்து பார்ப்பதுபோல் வரும் சுருள் படங்களில் ஒன்றுகூடப் புகைப்படமன்று. அத்தனையும் அளவீடுகளை வைத்து வரைந்த ஓவியங்கள். மனிதர் அனுப்பியவற்றுள் மிகத் தொலைவுக்குச் சென்றிருக்கும் வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் தளத்துக்கு நேர்செங்குத்தாகப் போனாலும் வட்டின் தடிப்பை விட்டு வெளியேறவே ஏறக்குறைய 90 இலட்சம் ஆண்டுகள் ஆகும். சுருள் முழுவதும் ஒரே சட்டகத்துக்குள் வர இன்னும் பல மடங்கு தொலைவு போக வேண்டும். ஆகவே வீட்டுக்குள்ளே இருந்தபடியே வீட்டின் வரைபடத்தைத் தயாரிப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

அந்த வரைபடம் உருவான கதையில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர், கடல் கடந்த வானொலித் தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதற்காக, சக்கரங்களின் மேல் சுழலும் பெரிய ஆண்டெனா ஒன்றை அமைத்தார். இடி மின்னலால் வரும் இரைச்சலைப் பிரித்தெடுத்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் எஞ்சியது. அது நாளுக்கொரு முறை உச்சத்தை அடைந்தது. முதலில் சூரியனிலிருந்து வருகிறதோ என்று ஐயுற்றார்; ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல உச்ச நேரம் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. சூரியனைப் பொறுத்த நாளின் நீளம் 24 மணி நேரம். விண்மீன்களைப் பொறுத்து பூமி ஒரு சுற்றை முடிப்பதோ 23 மணி 56 நிமிடத்தில். அந்த நான்கு நிமிட வேறுபாடுதான் சீறல் சூரியக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டது. அதன் திசை தனுசு. 1933-இல் ஜான்ஸ்கி வெளியிட்ட இந்த முடிவு ரேடியோ வானியலின் தொடக்கம். ரேடியோ அலைகளின் அலைநீளம் தூசுத் துகள்களைவிடப் பன்மடங்கு பெரியது என்பதால் தூசு அவற்றைத் தடுப்பதில்லை. கண்ணுக்கு மூடியிருந்த மையம் ரேடியோவுக்குத் திறந்தே இருந்தது.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலை வெளியிடும் என்று 1944-இல் வான் டி ஹுல்ஸ்ட் கணித்துச் சொல்ல, 1951-இல் அது கண்டறியப்பட்டது. வாயு நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பதற்கேற்ப அந்த அலைநீளம் சிறிது மாறும். அந்த மாற்றத்திலிருந்து வாயு மேகங்களின் வேகத்தையும், வேகத்திலிருந்து அவற்றின் இருப்பிடத்தையும் கணித்துச் சுருள் கைகளை வரைந்தார்கள். நாம் இருப்பது ஒரியன் கை எனப்படும் சிறிய கிளையில். உட்பக்கம் தனுசுக் கையும் வெளிப்பக்கம் பெர்சியஸ் கையும் செல்கின்றன. 2013-ஆம் ஆண்டு இறுதியில் ஏவப்பட்ட கையா விண்கலம் 180 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தைப் பதிவுசெய்து, அவற்றில் பெரும்பாலானவற்றின் தொலைவையும் நகர்வையும் அளந்தது. பால்வீதியில் உள்ள விண்மீன்கள் 10,000 கோடி முதல் 40,000 கோடி வரை இருக்கலாம் என்பதால், கையாவின் பட்டியலும் முழுத் தொகையில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டாது. வட்டின் வெளிப்பகுதி சுழலும் வேகம், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்புக்கு உரியதைவிட மிக அதிகமாக இருப்பதால், ஒளி உமிழாத கரும்பொருள் பால்வீதியை ஒரு பெரிய உறையைப் போலச் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதும் இத்தகைய அளவீடுகள் தந்த முடிவே.

மையத்தில் என்ன இருக்கிறது என்பதும் இதே வழியில்தான் தெரியவந்தது. தூசை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஆண்டுக்கணக்காக மையத்தைப் படம் பிடித்து, அங்குள்ள விண்மீன்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைச் சுற்றி வருவதைப் பதிவுசெய்தன. எஸ்2 என்ற விண்மீன் வெறும் 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் பாதையை வைத்துக் கணக்கிட்டால் அந்தப் புள்ளியில் சூரியனைப் போல் 40 இலட்சம் மடங்குக்கும் மேலான நிறை அடைபட்டிருக்கிறது. அது கருந்துளை. இந்த ஆய்வுக்காக ரைன்ஹார்ட் கென்சல், ஆண்ட்ரியா கெஸ் இருவரும் 2020-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை ரோஜர் பென்ரோசுடன் பகிர்ந்துகொண்டார்கள். 2022 மே மாதத்தில் அந்தக் கருந்துளையின் நிழலைக் காட்டும் படமும் வெளியானது.

மூன்றாவது கேள்விக்கான விடை தொலைவில் இல்லை. நம் கண்ணில் பகலுக்கான கூம்பு செல்களும் இரவுக்கான கோல் செல்களும் உள்ளன. நிறம் உணர்பவை கூம்பு செல்கள்; அவற்றுக்குப் பால்வீதியின் ஒளி போதாது. கோல் செல்களால் அந்த மங்கல் ஒளியை உணர முடியும், ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. அதனால்தான் நமக்குச் சாம்பல் கலந்த வெண்மை மட்டும் தெரிகிறது. கேமராவோ பதினைந்து, இருபது விநாடிகள் திறந்திருந்து ஒளியைச் சேமித்துக்கொள்கிறது; நம் கண்ணால் நொடியின் சிறு பகுதிக்கு மேல் சேமிக்க முடியாது. படங்களில் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டுகள், புதிய விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் வெளியிடும் ஒளி. கோல் செல்கள் ஏறக்குறைய உணரவே முடியாத சிவப்பு அது. எனவே அந்த நிறங்கள் பொய்யல்ல. சிலர் படத்தை அளவுக்கு மீறி மெருகேற்றுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நிறம் அங்கே இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் அதைக் காணும் திறன் இல்லை.

நேரில் காண விரும்புகிறீர்கள் என்றால் நிலவில்லாத இரவும் விளக்கொளி படாத இடமும் கட்டாயம். பால்வீதியின் ஒளி ஒரு பரப்பில் பரவிய மெல்லிய ஒளி; எனவே வானத்தின் பின்னணி சற்று வெளுத்தாலே அது கரைந்துவிடும். செயற்கை ஒளியால் வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை உலகளவில் கணக்கிட்டு 2016-இல் வெளியான வரைபடம், மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாத நிலையில் இருப்பதாகக் காட்டியது. நான் இதைப் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். விளக்குகளை அணைப்பதுகூட வேண்டியதில்லை. அவற்றின் ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் தரையை மட்டும் பார்க்கும்படி மூடியிட்டாலே வானத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

இருட்டான இடத்துக்குப் போன பிறகு அவசரப்படாதீர்கள். கண் முழுமையாக இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். முதல் ஐந்து நிமிடத்தில் பட்டை இருக்கிறதா இல்லையா என்ற ஐயம்தான் வரும். கால் மணி நேரத்தில் அதன் விளிம்புகள் பிடிபடும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் நடுவிலுள்ள கரிய பிளவும் அதன் கிளைகளும் தாமாகவே துலங்கி நிற்கும். இடையில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மங்கலான ஒன்றைக் காண அதன் மேல் நேரே பார்வையை நிறுத்தாமல் சற்றுப் பக்கத்தில் நிறுத்துங்கள். விழித்திரையின் நடுவில் கோல் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் நிறைந்திருக்கின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான முன்னிரவுகள் மையப் பகுதியைக் காண ஏற்றவை. செந்நிறத்தில் ஒளிரும் கேட்டையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விருச்சிகத்தின் உடல் வளைந்து மூல நட்சத்திரம் உள்ள கொடுக்கில் முடியும். அதற்குக் கிழக்கே பூராடமும் உத்திராடமும் அடங்கிய தனுசு. கொடுக்குக்கும் தனுசுக்கும் இடைப்பட்ட, பட்டை மிகத் தடித்த இடமே மையத்தின் திசை. சாதாரணப் பைனாகுலர் ஒன்று கையிலிருந்தால் கொடுக்கின் நுனிக்குச் சற்று வடகிழக்கே திருப்புங்கள். மெஸ்ஸியர் 7 என்ற விண்மீன் கொத்து தனித்தனிப் புள்ளிகளாக விரியும். அதன் தொலைவு ஏறக்குறைய 1,000 ஒளியாண்டுகள். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் தூவிய மாவைப் போல் ஓர் ஒளிப்படலம் தெரியும். தூசு சற்று விலகிய இடைவெளிகளின் வழியே மையத்தை அடுத்த வீக்கத்தின் விண்மீன்களே நமக்கு எட்டுகின்றன. அவற்றின் ஒளி இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன் புறப்பட்டது. முன்னது புள்ளி, பின்னது படலம். தட்டையாகத் தெரியும் வானத்தில் ஆழம் இவ்வளவு தெளிவாகப் புலப்படும் இடங்கள் அதிகமில்லை. டிசம்பரின் பிற்பாதியில் சூரியனே மையத்தின் திசைக்கு அருகில் வந்துவிடுவதால் அப்போது அந்தப் பகுதியைக் காண இயலாது. மையத்தின் திசை வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் அமையும் கோட்டுக்கு) 29 பாகை தெற்கே இருப்பதால், தெற்கே செல்லச் செல்ல அது வானில் உயர்ந்து வரும்; 29 பாகை தென் அட்சரேகையில் நேர் உச்சிக்கே வரும்.

பட்டை சில வேளைகளில் செங்குத்தாக நிற்பதும் சில வேளைகளில் அடிவானத்தோடு படுத்துக்கிடப்பதும் பலருக்குக் குழப்பம் தரும். பால்வீதியின் தளம் வான நடுக்கோட்டோடு சுமார் 63 பாகை சாய்ந்திருக்கிறது. பூமி சுழலும்போது அந்தச் சாய்ந்த வளையம் முழுவதும் நம்மைச் சுற்றி உருள்கிறது. ஏப்ரல், மே முன்னிரவுகளில் வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குப் பால்வீதியின் வடதுருவம், அதாவது அதன் தளத்துக்குச் செங்குத்தான வடபக்கத் திசை, வானில் ஏறிவரும். அப்போது பட்டை அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடும். தலைக்கு மேலே நாம் பார்ப்பது வட்டுக்கு வெளியே திறந்த சாளரம். பிற விண்மீன் மண்டலங்களைத் தொலைநோக்கியில் தேடுபவர்கள் அந்த மாதங்களுக்காகக் காத்திருப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோள்களும் நிலவும் ராசிகளின் வழியே செல்லும் பாதை, சூரியக் குடும்பம் என்ற சிறு வட்டின் தளம். அது பால்வீதியின் தளத்தைச் சுமார் 60 பாகைக் கோணத்தில் வெட்டுகிறது. ஒரு வெட்டு தனுசுப் பக்கம், மற்றொன்று மிதுனமும் ரிஷபமும் சந்திக்கும் பக்கம். வானில் இரண்டு மூன்று கோள்கள் ஒன்றாகத் தெரியும் இரவில் அவற்றை மனத்தால் ஒரு கோட்டில் இணைத்து, அந்தக் கோடு பால்வீதியை எங்கே கடக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரு வட்டுகளின் சாய்வை வெறுங்கண்ணாலேயே அளந்துவிடலாம். பிறகு பட்டையின் வழியே வடக்கு நோக்கி வந்து அன்னத்தின் வாலிலுள்ள டெனெப் விண்மீனை அடையுங்கள். பால்வீதியின் மையத்தைச் சுற்றிச் சூரியன் சென்றுகொண்டிருக்கும் திசை ஏறக்குறைய அதுதான். வேகம் விநாடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 23 கோடி ஆண்டுகள். நீங்கள் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் நாம் அனைவரும் அந்தத் திசையில் எட்டு இலட்சம் கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்திருப்போம்.